முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு: 26 வயதிலேயே விண்ணப்பிக்கலாமா, சம்பளம் ஏறும்வரை பொறுக்கலாமா?

ஈசூன்வாசி (கேள்வி):

இருவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். எனக்கு 26 வயது. வேலையில் சேர்ந்து 14 மாதம், சம்பளம் 3,800 வெள்ளி. எனக்கு நிச்சயமான பெண்ணுக்கு 24, பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு. தெம்பனீஸ் பக்கம் நாலறை பிடிஓ (முன்பதிவு வாங்கிக் கட்டித் தரும் புது வீடு) வேண்டும். வீட்டில் பெரியவர்கள், முப்பது வயதாகட்டும், கையில் காசு சேரட்டும் என்கிறார்கள். காத்திருந்தால் லாபமா, நட்டமா?

இன்னொன்று. அக்காவுக்கு 34, தனியாகவே இருக்கப் போகிறார். வரும் மார்ச்சில் 35 நிறையும். அம்மா அப்பா இருக்கும் தோ பாயோவிலேயே மறுவிற்பனை நாலறை பார்க்கிறார். அவர் எதைக் கவனிக்க வேண்டும்?

கணக்கர்:

தம்பி, உங்கள் விஷயத்தில் காத்திருந்தால் நட்டம்தான். 2025 நிலவரப்படி கணக்கு சொல்கிறேன்.

முதல்முறை வாங்கும் குடும்பத்துக்கு மேம்படுத்தப்பட்ட வீட்டு மானியம் அதிகபட்சம் 120,000 வெள்ளி. குடும்பத்தின் 12 மாதச் சராசரி வருமானம் ஏற ஏற மானியம் இறங்கும். 9,000 வெள்ளியைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது. உங்கள் துணை மாணவியாக இருக்கும்வரை வருமானம் 3,800 மட்டும், அதற்கு மானியம் 80,000. அவர் 3,500 சம்பளத்தில் சேர்ந்து ஓராண்டு ஓடிவிட்டால் கூட்டு வருமானம் 7,300. அப்போது மானியம் 25,000தான். வித்தியாசம் 55,000 வெள்ளி. இந்தத் தொகையை இருவரும் சேர்ந்து மிச்சம் பிடிக்க எத்தனை வருடம் ஆகும் என்று பாருங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தம்பதியரில் ஒருவர் முழுநேர மாணவராகவோ தேசிய சேவையிலோ இருந்தால் வருமான மதிப்பீட்டைச் சாவி வாங்கும் சமயம்வரை தள்ளிப்போடலாம். 2024 ஜூன் விற்பனையிலிருந்து ஒருவர் மட்டும் அப்படி இருந்தாலே போதும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது 2.5% கட்டினால் போதும் என்பதால் பலரும் யோசிக்காமல் தள்ளிப்போடுகிறார்கள். இருவருமே இன்னும் சம்பாதிக்கத் தொடங்கவில்லை என்றால் அதுதான் வழி. நீங்கள் 12 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவர், இப்போதே மானியத்துக்குத் தகுதி இருக்கிறது. தள்ளிப்போட்டால் நாலு வருடம் கழித்துள்ள கூட்டுச் சம்பளத்தை வைத்து அளப்பார்கள்.

வீடு 380,000 என்று வைத்துக்கொள்வோம். இப்போதே மதிப்பிட்டால் மானியம் போக 300,000. மாதத் தவணை வருமானத்தில் 30%க்குள் இருக்க வேண்டும், அதாவது 1,140 வெள்ளி. வீவக வட்டி 2.6%, 25 வருடத்துக்கு 1 லட்சம் வெள்ளிக்குத் தவணை சுமார் 454. ஆக உங்கள் ஒருவர் சம்பளத்துக்குக் கடன் ஏறத்தாழ 251,000 வரை. மீதி 49,000. உங்கள் சம்பளத்தில் 23%, அதாவது மாதம் 874 வெள்ளி, மசேநி (மத்திய சேம நிதி) சாதாரணக் கணக்குக்குப் போகிறது. நாலு வருடத்தில் அதுவே 41,000க்கு மேல். துணையின் பங்கு தனி. மானியமும் சாதாரணக் கணக்குக்கு வந்து முன்பணத்திலேயே கழியும், அதனால் கையெழுத்து நாளில் திணற மாட்டீர்கள்.

தவறு நடக்கும் இடம் எச்எஃப்இ கடிதம், அதாவது வீடு, மானியம், கடன் மூன்றுக்கும் உங்கள் தகுதியைச் சொல்லும் வீவக கடிதம். அதன் ஆயுள் 9 மாதம். விண்ணப்பிக்கும்போதும், வீட்டைத் தேர்ந்தெடுத்துப் பதியும் நாளிலும் அது செல்லுபடியாக இருக்க வேண்டும். ரொம்ப முன்கூட்டியே வாங்கி வைத்து, உங்கள் வரிசை எண் வருவதற்குள் காலாவதியானால் புதிதாக எடுக்க வேண்டும். அதற்குள் துணை வேலைக்குப் போயிருந்தால் அந்த வருமானமும் சேரும். விற்பனைக்கு ஓரிரு மாதம் முன் போடுவது சரியான நேரம். கடைசி வாரத்தில் போட்டால் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். நடுவில் வேலையை விட்டு இடைவெளி விடாதீர்கள், 12 மாதத் தொடர்ச்சி அறுந்துவிடும்.

பேட்டைக்குரல்:

கணக்கில் குறையில்லை. மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 24, 25 வயதில் பதிந்துவிட்டுக் கைவிடுகிறவர்கள் இழப்பது சின்னத் தொகை இல்லை.

நிச்சயமானவர்களாக விண்ணப்பித்தால் சாவி வாங்கி 3 மாதத்துக்குள் திருமணச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். நடுவில் உறவு முறிந்தால், பதிவு செய்த கட்டத்தில் நாலறைக்குக் கட்டிய 2,000 வெள்ளி போகும். குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு என்றால் விலையில் 5%. 380,000 வீட்டுக்கு 19,000. அதோடு ஓராண்டுக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. இந்தச் சட்டத்தை இருவர் வீட்டாரும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எந்த வகை வீடு என்பதும் வயதோடு சேர்ந்த கேள்விதான். குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் (விற்கும் முன் வீட்டில் குடியிருந்தே ஆக வேண்டிய காலம்) சாவி வாங்கிய நாளிலிருந்து ஓடத் தொடங்கும். 30 வயதில் சாவி வாங்கினால் ஸ்டாண்டர்ட் வீட்டை 35ல் விற்கலாம். நல்ல இடத்தில் கூடுதல் மானியத்தோடு வரும் பிளஸ், பிரைம் வீடுகளுக்கு அது 10 ஆண்டு, அதாவது 40 வயதுவரை. விற்கும்போது கூடுதல் மானியத்தின் பங்கையும் திருப்பித் தர வேண்டும், முழு வீட்டையும் எப்போதும் வாடகைக்கு விட முடியாது. வேலை காரணமாக வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கம் என்ற ஒரே காரணத்துக்காக அதில் இறங்காதீர்கள்.

குலுக்கலில் எண் வந்து, தேர்வு செய்ய 10க்கு மேற்பட்ட வீடு இருந்தும் எடுக்காமல் விட்டால், முதல் தடவையே ஓராண்டுக்கு இரண்டாம்முறை வாங்குவோர் வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள். 'சும்மா போட்டுப் பார்ப்போம்' என்பது 2023 ஆகஸ்ட் விற்பனையோடு முடிந்துபோன பழக்கம்.

தோபாயோக்காரி:

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். திருமணமாகாதவர் தனியாக வாங்க 35 நிறைந்திருக்க வேண்டும், விண்ணப்பிக்கும் நாளில். துணையை இழந்தவர்களுக்கு இது 21. பிடிஓ என்றால் ஈரறை ஃபிளெக்ஸி மட்டும், 2024 அக்டோபரிலிருந்து எந்த வட்டாரத்திலும். வருமான வரம்பு 7,000. நாலறை வேண்டும் என்பதால் மறுவிற்பனைதான் அவருக்கு வழி.

மானியங்கள்: மறுவிற்பனை நாலறை அல்லது அதைவிடச் சிறியதற்கு 40,000, வருமானம் 7,000க்குள் இருந்தால். 4,500க்குள் இருந்தால் மேம்படுத்தப்பட்ட மானியம் 60,000 வரை. பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் 10,000, அவர்களோடு சேர்ந்தே குடியிருந்தால் 15,000.

நான் அழுத்திச் சொல்வது 95 என்ற எண்ணை. வாங்குபவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை மிச்சம் இருந்தால்தான் மசேநியை முழு அளவில் பயன்படுத்தலாம். வீவக கடனும் மேம்படுத்தப்பட்ட மானியமும் முழுசாகக் கிடைக்கும். 35 வயதுக்கு 60 ஆண்டு மிச்சம் வேண்டும். 2026ல் வாங்கினால் 99 ஆண்டுக் குத்தகை 1987ல் அல்லது அதற்குப் பின் தொடங்கியிருக்க வேண்டும். தோ பாயோவில் பழைய புளோக்குகள் ஏராளம். 1975 வீட்டுக்கு 48 ஆண்டுதான் மிச்சம். விலை கவர்ச்சியாக இருக்கும், ஆனால் மூன்றும் குறையும், குறைந்த தொகையை ரொக்கமாகத் தேட வேண்டியிருக்கும். முகவரிடம் முதல் கேள்வியாகக் குத்தகை தொடங்கிய ஆண்டைக் கேட்கச் சொல்லுங்கள்.

ரொக்கம் தனியாக வேண்டும். மதிப்பீட்டு விலைக்கு மேல் பேசிய தொகைக்கு மசேநியும் உதவாது, கடனும் உதவாது. விற்பவருக்குத் தரும் முன்தொகை மொத்தம் 5,000 வரை போகும், அதுவும் ரொக்கம்தான். ஆப்ஷன் (விற்பவர் தரும் வாங்கும் உரிமைச் சீட்டு) வாங்கிய பிறகு முடிவெடுக்க 21 நாள்.

ஈசூன்வாசி:

மிக்க நன்றி. சாதாரணக் கணக்கில் இருப்பதை மொத்தமாக வீட்டில் போட்டுவிடலாமா? நாற்பதில் வாங்குகிறவர்களுக்குக் கடன் கிடைக்காது என்பது உண்மையா?

கணக்கர்:

கிடைக்கும், காலம் சுருங்கும். வீவக கடன் அதிகபட்சம் 25 ஆண்டு, அதுவும் 65 வயதைத் தாண்டக் கூடாது. 40 வரை முழு 25 ஆண்டு. 45ல் தனியாக வாங்கினால் 20 ஆண்டு; 1 லட்சத்துக்குத் தவணை 454லிருந்து 535 ஆகும். மசேநியில் சாதாரணக் கணக்குக்குப் போகும் பங்கும் 35க்கு மேல் 23%லிருந்து 21% ஆகவும், 45க்கு மேல் 19% ஆகவும் குறையும். இரண்டும் ஒரே நேரத்தில் இறுக்கும்.

மொத்தத்தையும் போடாதீர்கள். வீவக கடன் எடுத்தாலும் சாதாரணக் கணக்கில் 20,000 வரை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. வேலை போனால் ஒருவருடத் தவணை அதிலிருந்தே போகும். எடுத்த தொகையை விற்கும்போது 2.5% வட்டியோடு உங்கள் கணக்குக்கே திருப்ப வேண்டும். 100,000 எடுத்தால் 9 ஆண்டில் சுமார் 125,000. விற்றதும் கையில் வரும் ரொக்கம் அந்த அளவுக்குக் குறையும் என்பதை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள்.

பேட்டைக்குரல்:

அக்காவுக்கு இன்னொரு சேதி. இன ஒருங்கிணைப்புக் கொள்கையில் இந்தியர், பிற இனத்தவருக்குப் புளோக்கில் 15%, அக்கம்பக்க வட்டாரத்தில் 12% என்று வரம்பு. நிரம்பிய புளோக்கில் இந்தியர் விற்கும் வீட்டைத்தான் இந்தியர் வாங்க முடியும். நாளை அவர் விற்கும்போதும் இது பாதிக்கும்: சீனர் விகிதம் நிரம்பிய இடத்தில் சீனருக்கு விற்க முடியாமல் வாங்குவோர் எண்ணிக்கை சுருங்கிவிடும். வீவக இணையத்தளத்தில் புளோக் எண் கொடுத்தால் நிலவரம் தெரியும். மாதத்தின் முதல் நாளில் புதுப்பிக்கிறார்கள், அதனால் ஆப்ஷனுக்குப் பணம் கொடுக்கும் அன்றே மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.