நர்கிஸில் இழந்த தம்பியைக் கதையில் எழுத வழி கேட்கிறேன்

அனைவருக்கும் வணக்கம். யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். 2008 மே 2 இரவு, நர்கிஸ் புயல் ஐராவதிக் கழிமுகத்துக்குள் கடலைக் கொண்டுவந்தபோது, என் கையைப் பிடித்திருந்த தம்பி நழுவிப்போனான், உடல்கூடக் கிடைக்கவில்லை. உள்ளபடி எழுத முயன்றபோதெல்லாம் விரல்கள் நின்றுவிட்டதால், உப்புநீரின் காவலராகப் பர்மியர் வணங்கும், யாழேந்திய ஊ ஷின் ஜி என்னும் நாட் தெய்வத்தின் படகில் அவன் வளர்ந்து வருவதாக ஒரு மாயக்கதையைத் தொடங்கினேன். அந்த இரவை முழுதாக நினைக்க முடிந்தது அதன் பிறகுதான்.

இப்போது கை நழுவும் இடத்தில் கதை நிற்கிறது. அதையும் மாயமாக்கினால் அவன் சாவை மறைத்ததாகிவிடுமோ, நடந்தபடியே எழுதினால் (அம்மாவும் படிப்பார்) அவர் தாங்குவாரோ என்று கலங்குகிறேன். சொந்த இழப்பைப் புனைவாக்கியவர்கள், எதை மாற்றாமல் வைத்தீர்கள், எழுதுகையில் உடல் நடுங்கினால் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். இணையவழியில் தமிழில் பேசும் மனநல ஆலோசகரை அறிந்திருந்தால் அதையும் தெரிவியுங்கள்.