கீசர், சோலார் வேலை: "பார்த்ததுக்கெல்லாமா காசு?" என்கிறார்கள், நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நல்லம்பள்ளி பிளம்பர்:

எல்லாருக்கும் வணக்கம். ஆறு வருடமாகத் தனியாக பிளம்பிங் வேலை எடுத்துச் செய்கிறேன். வீட்டு லைன், மோட்டார், கீசர், சோலார் ஹீட்டர் எல்லாமே. ஆள் என்று பார்த்தால் நானும் மாமா பையனும்தான். அவனும் போன மாதம் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். மாதம் பிறந்தால் சம்பளம், ஞாயிறு லீவு, நான் என்ன சொல்லி நிறுத்துவது?

மார்கழி வந்தால் விடியற்காலை ஐந்தரைக்கே போன் அடிக்கும். கோலம் போட எழுந்தவர்கள் குளிக்கப் போய்க் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர். உடனே என் ஞாபகம்தான். பதினைந்து கிலோமீட்டர் போய்ப் பார்த்தால் ஒரு வீட்டில் எம்சிபி (லோடு ஏறினால் தானே கரண்ட்டை நிறுத்துகிற ஸ்விட்ச்) விழுந்து கிடக்கும், இன்னொரு வீட்டில் யாரோ கேட் வால்வை மூடி வைத்திருப்பார்கள். தூக்கிவிட்டு, திறந்துவிட்டு வருவேன். "இதுக்கெல்லாமா காசு, ஒரு காபி சாப்பிட்டுப் போப்பா" என்பார்கள். ஒரு காலையில் மூன்று காபி குடித்திருக்கிறேன், பெட்ரோலுக்கு ஒரு ரூபாய் வரவில்லை.

போன வாரம் நடந்ததுதான் இதை எழுத வைத்தது. பென்னாகரம் ரோட்டில் ஒரு வீடு. போன தை மாதம் கிரகப்பிரவேசத்துக்கு 200 லிட்டர் சோலார் நான்தான் மாட்டிக் கொடுத்தேன். இந்த வருடம் தண்ணீர் சுடவே இல்லை என்று கூப்பிட்டார்கள். மாடி ஏறி ஒரு கண்ணாடிக் குழாயை உருவினால், அடிப்பக்கம் ஒரு ஜாண் உயரத்துக்கு வெள்ளையாகக் கெட்டித்துக் கிடக்கிறது. சாய்த்துத் தட்டினேன். கை நிறையச் சுண்ணாம்புத் தூள், அதற்குள்ளே முட்டை ஓடு மாதிரி சில்லு சில்லாகத் தகடு. எல்லாக் குழாயிலும் இதே கதை. ஆயிரம் அடி போர் தண்ணீர், அது வேறு என்ன செய்யும்?

வீட்டுக்காரர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடி, "நீதானப்பா மாட்டுன, நீயே சரி பண்ணிட்டுப் போ, கேரண்டி இருக்குல்ல" என்றார். கேரண்டி டேங்குக்குத்தான், உப்பு படிவதற்கு இல்லை என்று அட்டையில் போட்டிருப்பதைக் காட்டினேன். "அதை அன்னைக்கே ஏன் சொல்லல?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எனக்கு வாய் அடைத்துப் போனது. வாங்கிய கடைக்குப் போன் போட்டால் "பிளம்பரைக் கேளுங்க" என்கிறார்கள். கடைசியில் கூகுளில் ஒரு ஸ்டார் போட்டுவிடுவேன் என்று வேறு மிரட்டல். அரைநாள் போய், வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

போய்ப் பார்ப்பதற்குக் காசு கேட்கிறீர்களா, எவ்வளவு, எந்த நேரத்தில் கேட்கிறீர்கள்? கேட்டால் அடுத்த தெருவில் இருக்கிற ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது. இந்த உப்பு விஷயத்தை வேலை எடுக்கும்போதே எப்படிச் சொல்வது? சொன்னால் "இவன் இப்பவே நழுவப் பார்க்கிறான்" என்று நினைக்கிறார்கள்.

—

ஓசூர் பழைய ரெஞ்சு:

தம்பி, இருபத்திரண்டு வருடமாக இதே தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். ஆடிக் காற்றிலேயே இங்கே சில வீட்டில் கீசர் போட ஆரம்பித்துவிடுவார்கள், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேட்கவே வேண்டாம். அதனால் எனக்கு உன்னை மாதிரி மார்கழி மட்டும் இல்லை, வருடத்தில் பாதி நாள் இந்தப் பஞ்சாயத்துதான்.

போய்ப் பார்க்க 300 ரூபாய் வாங்குகிறேன். போனிலேயே சொல்லிவிடுவேன், வீட்டு வாசலில் போய் நின்று சொன்னால் சண்டைதான் வரும். வேலை எனக்கே கொடுத்தால் அந்த 300-ஐ பில்லில் கழித்துவிடுவேன். அப்புறம், வண்டியை எடுக்கும் முன்னே போனிலேயே இரண்டு கேள்வி கேள். "ஸ்விட்ச்சில் லைட் எரியுதா, எம்சிபி மேலே இருக்கா? பச்சைத் தண்ணீர்க் குழாயில் தண்ணீர் வேகமா வருதா?" பாதி வீடு அங்கேயே சரியாகிவிடும். அதற்குக் காசு வாங்காதே. அந்த வீட்டுக்காரர் அடுத்த தடவை 300 என்றால் மறுபேச்சு பேசமாட்டார், நான் பார்த்திருக்கிறேன்.

உப்பு விஷயத்துக்கு வருகிறேன். வாயால் சொன்னால் நழுவுகிற மாதிரித்தான் தெரியும். அதனால் நான் காட்டிவிடுவேன். கடினத்தன்மை, அதாவது தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் எவ்வளவு என்று பார்க்கிற சின்னக் கிட் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள், ஆன்லைனில் கிடைக்கிறது. குழாய்த் தண்ணீரைக் கோடு வரைக்கும் பிடித்து ஒரு மருந்தைப் போட்டால் பீட்ரூட் தண்ணீர் மாதிரி சிவக்கும். இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் சட்டென்று நீலமாகும். எத்தனை சொட்டில் மாறியதோ அதை வைத்து லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று கணக்கு வரும், அட்டையில் போட்டிருக்கும். குடிநீருக்கு இந்தியத் தர அளவு 200, வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரைக்கும். சொட்டை நான் எண்ணமாட்டேன், வீட்டுக்காரரைத்தான் எண்ணச் சொல்வேன். இருபதைத் தாண்டியும் சிவப்பாகவே நிற்கும்போது அவரே "என்னங்க இது, மாறவே மாட்டேங்குது" என்பார். அந்த எண்ணைக் கொட்டேஷனிலேயே எழுதி, கீழே "இந்தத் தண்ணீருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும், கூலி தனி" என்று போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். "அன்னைக்கே ஏன் சொல்லல" என்று கேட்டால் காட்ட ஒன்று இருக்கும்.

கழுவுவதை வெயில் ஏறும் முன்னே முடித்துவிடு. வெறுங்குழாய் வெயிலில் காய்ந்திருக்கும்போது பச்சைத் தண்ணீர் பட்டால் டப்பென்று வெடிக்கும். மதியம் பன்னிரண்டு மணிக்கு வீரம் காட்டி மூன்று குழாய்க்கு என் கைக்காசு போட்டிருக்கிறேன். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை டேங்கில் ஊற்றிவிடாதே, ஸ்டெயின்லெஸ் என்றாலும் அரித்துவிடும். லெமன் சால்ட் கரைத்து ஊற வைத்தாலே கழன்று வரும், நேரம்தான் ஆகும். கீசர் என்றால் தெர்மோஸ்டாட்டை 55-இல் வைத்துவிட்டு வா. 60-க்கு மேல் போகப் போகக் காயிலில் உப்பு கட்டுவது வேகமாகும். டேங்க் அரிக்காமல் இருக்கத் தான் கரைகிற மெக்னீசியம் ராடையும் அப்போதே பார்த்துவிடு, இந்தத் தண்ணீரில் அது சீக்கிரம் தேய்ந்து கம்பியாகிவிடும்.

ஒன்று மட்டும் கோபமாகவே சொல்கிறேன். போன மாதம் ஒரு வீட்டில் கீசர் சேஃப்டி வால்வில் தண்ணீர் சொட்டுகிறது என்று முன்னால் வந்த ஆள் எண்ட் கேப் போட்டு அடைத்துவிட்டுப் போயிருக்கிறான். பிரஷர் ஏறினால் வெளியே விடத்தானே அந்த வால்வு இருக்கிறது. தெர்மோஸ்டாட்டும் கைவிட்டால் அது குண்டு. அந்த வீட்டில் கைக்குழந்தை வேறு. இதைச் செய்கிறவனிடம்தான் 50 ரூபாய் குறைவு என்று போகிறார்கள்.

—

கிருஷ்ணகிரி ஹார்டுவேர் அக்கா:

தம்பி, கல்லாவில் உட்கார்ந்து பார்க்கிறவள் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். பிளம்பர்கள் என் கடையில் படுகிற பாடு வேலையால் இல்லை, கடன் நோட்டால். "அக்கா, என் பேரில் எழுதிக்கோங்க, பார்ட்டி சனிக்கிழமை தருவாங்க" என்று சாமானை அள்ளிப் போவீர்கள். பார்ட்டி மாங்காய் சீசன் முடியட்டும் என்பார், அது முடிந்தால் பையனுக்கு காலேஜ் பீஸ் என்பார். சாமான் அவர் சுவருக்குள்ளே இருக்கிறது, கடன் உங்கள் பேரில் இருக்கிறது. மூன்று வருடமாக 40 ஆயிரம் பாக்கி வைத்திருக்கிற ஒரு பையன் இப்போது என் கடை வழியே வருவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறான். நல்ல வேலைக்காரன், பாவம். வீட்டுக்காரரையே கடைக்குக் கூட்டி வந்துவிடு, பில் அவர் பேரில் போடட்டும், உனக்குக் கூலி மட்டும் தனியாக வரட்டும். கமிஷன் கொஞ்சம் குறையும்தான், தூக்கம் வரும்.

இன்னொன்று. சுடுதண்ணீர் லைனுக்குச் சாதாரண பிவிசி கேட்டு வருகிறார்கள், விலை குறைவு என்று. நான் கொடுக்கமாட்டேன் என்றால் வேறு கடையில் வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். சிபிவிசி 93 டிகிரி வரை தாங்கும், சாதாரண பிவிசி சோலார் தண்ணீரில் இளகித் தொங்கும். அதைவிடக் கொடுமை, சிபிவிசி பைப்பை வாங்கிவிட்டுப் பழைய பிவிசி பசையைத் தடவி ஒட்டுவது. நாலு மாதத்தில் டைல்ஸுக்குள்ளே கசியும், திட்டு உனக்கு. பூசும் முன்னே ஒரு நாள் பிரஷர் ஏற்றி வைத்து, பிரஷர் மீட்டர் முள்ளை வீட்டுக்காரரைப் பார்க்கச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொள்.

—

தர்மபுரி வாத்தியார்:

நான் பிளம்பர் இல்லை, பிளம்பரைக் கூப்பிடுகிற ஆள். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். 300 ரூபாய் எனக்குப் பெரிதில்லை. "பத்து மணிக்கு வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு இரண்டு மணிக்குப் போனை அணைத்து வைப்பதுதான் பிரச்சினை. பள்ளிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், என் நேரத்துக்கு யார் பில் போடுவது? பாத்ரூமில் ஒரு எல்போ மாற்ற டைல்ஸை உடைத்துவிட்டு, "பூச மேஸ்திரி வருவாரு" என்று போனவர் போனவர்தான். அந்த ஓட்டையில் இப்போது பல்லி குடியிருக்கிறது. நேரத்துக்கு வந்து, என்ன செய்யப் போகிறோம் என்று முதலிலேயே சொல்கிறவருக்கு நான் கேட்டதைக் கொடுப்பேன்.

ஒரு சந்தேகமும் இருக்கிறது. ஒருவர் வந்து மொத்த வீட்டுக்கும் சாஃப்ட்னர் போட்டால் சோலாரில் உப்பும் படியாது, ஃபுளோரைடும் போய்விடும், பிள்ளைகளுக்குப் பல்லில் கறை வராது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நம்பலாமா?

—

நல்லம்பள்ளி பிளம்பர்:

சார், முதல் பாதி உண்மை, இரண்டாவது பாதி பொய். சாஃப்ட்னர் சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடும், அவ்வளவுதான். சோலாருக்கும் கீசருக்கும் நல்லது, ஆனால் கல்லுப்பு போட்டு அதைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், மறந்தால் வெறும் டப்பா. ஃபுளோரைடு அதில் போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும். அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பார்கள், நம் மாவட்டத்துப் போர்கள் பல அதைத் தாண்டியவை. அதற்காகத்தானே ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்து 2013-இல் தண்ணீர் விட்டார்கள். குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர், இல்லையென்றால் ஆர்ஓ. குளிக்க போர் தண்ணீர் போதும். பல்லிக்கு நான் பொறுப்பு இல்லை, ஆனால் ஓட்டையை வந்து பார்க்கிறேன்.

ஓசூர் அண்ணா, கிட் வாங்கிவிட்டேன். பென்னாகரம் ரோட்டு வீட்டுக்கே எடுத்துப் போனேன். அவர் சொட்டை எண்ணவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் வீட்டு அம்மாதான் எண்ணினார்கள். பத்துக்கு மேல் சத்தமாக எண்ண ஆரம்பித்தார்கள், முப்பத்திரண்டில் நீலமானது. அட்டையைப் பார்த்துக் கணக்குப் போட்டால் 800 வருகிறது. அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த அம்மா, "நம்ம சோத்துப் பானையிலயும் இதுதான படியுது" என்றார்கள். அப்புறம் பேசி முடித்தோம். முதல் தடவை நான் சொல்லாமல் விட்டது என் தப்பு, அதனால் கழுவுவதற்குப் பாதிக் கூலி, இனி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முழுக் கூலி. நாளைக்கு ஆறு மணிக்கே போய் மாடி ஏறுகிறேன், வெயிலுக்கு முன்னே இறங்கிவிட வேண்டும்.

இன்று காலை வந்த போனிலெல்லாம் 300 என்று சொல்லிப் பார்த்தேன், குரல் கொஞ்சம் நடுங்கியது. இரண்டு பேர் "வேற ஆள் பார்த்துக்கறோம்" என்று வைத்துவிட்டார்கள். மூன்றாவது ஆள், "சரி, எத்தனை மணிக்கு வருவீங்க?" என்றார். பதினொன்று என்று சொல்லியிருக்கிறேன், மணி பத்தே முக்கால் ஆகிறது, கிளம்புகிறேன்.