‘ஆபரேஷனல் கெப்பாசிட்டி’: ‘செயல்திறன்’ போதுமா?

மார்த்தாண்டத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்கு ஒரு சொல் பற்றிப் பேச வேண்டும். சிறு தீவு நாடுகளின் வானிலைத் துறை பற்றி எழுதும்போது ‘ஆபரேஷனல் கெப்பாசிட்டி’க்குச் ‘செயல்திறன்’ என்று போட்டுவிடுகிறோம். ஒரு வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறோம் என்பதுதான் செயல்திறன். வானிலைத் துறையில் ‘ஆபரேஷனல்’ என்றால் நள்ளிரவானாலும் பெருநாளானாலும் குறித்த மணிக்கு அளவெடுத்து, குறித்த மணிக்கு அறிவிப்பை வெளியே அனுப்புவது. மாலத்தீவில் ஏறத்தாழ 1,190 தீவுகள். வடக்கே ஹனிமாதூ நிலையம், தெற்கே நிலநடுக்கோட்டையும் தாண்டிக் கன் நிலையம். இவ்வளவையும் ஒரு சிறிய துறை தாங்குகிறது. கருவி இருப்பதைவிட அது நிற்காமல் ஓடுவதே அங்கே கேள்வி. ‘தொடர்பணித்திறன்’ என்று முன்மொழிகிறேன்.

கொல்லங்கோட்டிலிருந்து:

சார், மலையாளத்தில் இதற்குப் ‘பிரவர்த்தனசேஷி’ என்கிறார்கள். திருவனந்தபுரம் வானொலி கேட்கும் நம் கடற்கரைக்கு அது பழகிய சொல்தான். ஆனால் ‘சேஷம்’ என்றால் தமிழ்க் காதுக்கு ‘மிச்சம்’. எடுக்க வேண்டாம். ‘தொடர்பணி’யிலும் ஒரு சிக்கல் உண்டு. வேகமாக வாசித்தால் ‘தொடர்பு அணி’ என்று பிரிந்துவிடும்.

தூத்தூரிலிருந்து:

சொல்லைத் தேர்வதற்கு முன் அதற்குள் என்னவெல்லாம் அடங்க வேண்டும் என்று பார்ப்போம். முதலில் ஆள். ஒரு மேசையில் இரவும் பகலும் ஒருவர் இருக்க வாரத்துக்கு 168 மணி நேரம் வேண்டும். ஒருவருக்கு 40 மணி என்றால் 4.2 பேர். விடுப்பு, நோய், பயிற்சி எல்லாம் கழித்தால் ஐந்து பேருக்குக் குறையாது. முன்னறிவிப்பாளர் மேசை, அளவெடுப்பவர் மேசை என்று இரண்டு வைத்தாலே பத்துப் பேருக்குக் குறையாது. கருவி பழுதுபார்க்கும் டெக்னீஷியன் இந்தக் கணக்கில் இல்லை. சிறு தீவில் அந்த வேலைக்கு ஒரே ஒருவர்தான் இருப்பார். அவர் பயிற்சிக்கு வெளிநாடு போன மாதத்தில் பழுதான கருவி, அவர் திரும்பும்வரை கிடப்பில்தான்.

அடுத்தது ரேடியோசாண்ட் பலூன், அதாவது மேல்காற்றின் வெப்பம், ஈரப்பதம் போன்றவற்றை அளக்கும் கருவியைத் தூக்கிச் செல்லும் பலூன். ஒரு நாளைக்கு இரண்டு, ஆண்டுக்கு 730. நம் நேரப்படி காலை 5.30, மாலை 5.30 மணிக்கான அளவு அது. நிமிடத்துக்கு 300 மீட்டர் வீதம் ஏறும், 30 கி.மீ. உயரம்வரை போக வேண்டும். சரக்குக் கப்பல் தாமதித்தால் பலூன் இருப்புத் தீரும். வெக்கையான அறையில் கிடந்த ரப்பர் இழுவை இழந்து, பாதி வழியிலேயே வெடிக்கும். பலூனில் நிரப்பும் ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்தே பிரித்தெடுக்கும் நிலையங்களில் சுத்தமான நீர் வேண்டும். தீவின் உப்புக் கிணற்று நீரை விட்டால் மின்பகுப்புக் கலம் கெட்டுப்போகும். மழைமானியின் புனலைப் பறவை எச்சம் அடைக்கும், காற்றுமானியின் பேரிங்கை உப்பு தின்னும். எல்லாம் சரியாக இருந்து இணைய இணைப்பு மட்டும் அறுந்தாலும் பலனில்லை. வானிலையைக் கணிக்கும் உலகக் கணினி மாதிரிகள் தரவுக்காகக் காத்திருப்பது சில மணி நேரந்தான். அதற்குப் பிறகு போகும் அளவு பதிவேட்டுக்கு உதவும், அன்றைய முன்னறிவிப்புக்கு உதவாது.

இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாள் ஒக்கிப் புயலாகி, குமரிக்குத் தெற்கே கடந்து லட்சத்தீவுப் பக்கம் போனது. நம் விசைப்படகுகள் தொழில் செய்யும் கடல் அது. அங்கே நிலத்தில் நின்று அளவெடுக்க மினிக்காய், அமினி போன்ற தீவுகளை விட்டால் இடமில்லை. ஓரிரவு அளவு தவறினால் அந்த ஓட்டை வழியாகத்தான் புயல் வரும். ‘இடையறாமல்’ என்பது சொல்லுக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

களியக்காவிளையிலிருந்து:

‘இடையறாப் பணித்திறன்’ சரியாக இருக்கும். ஆனால் ஒரு கேள்வி. பசிபிக் கடலின் துவாலு, நியுவே, குக் தீவுகள் போன்றவற்றுக்கு ஃபிஜியின் நாடி நகரிலுள்ள வானிலை மையம் முன்னறிவிப்புத் தருகிறது. அங்கே திறன் யாருடையது?

கொல்லங்கோட்டிலிருந்து:

நல்ல கேள்வி, டீச்சர். அதற்குத் தனிச்சொல் வேண்டும். நம் ஊரில் ‘கைமாற்று’ என்போமே, வட்டியில்லாமல் வாங்கித் திருப்பித் தருவது. ‘கைமாற்றுப் பணி’ எனலாமா? தீவுகள் தங்கள் அளவுகளை அனுப்புகின்றன, மையம் அறிவிப்பைத் திருப்பித் தருகிறது. எச்சரிக்கையை ஊர் மக்களுக்கு அவர்கள் மொழியில் கொண்டுசேர்ப்பது அப்போதும் உள்ளூர்த் துறையின் பொறுப்பு. அதைக் கைமாற்ற முடியாது.

மார்த்தாண்டத்திலிருந்து:

‘தொடர்பணி’யை விட்டுவிடுகிறேன். ‘கைமாற்று’ கடன் என்ற நினைப்பைத் தருமோ என்ற தயக்கம் மட்டும் இருக்கிறது. பட்டியலில் இப்படி ஏற்றலாமா?

இடையறாப் பணித்திறன்: ஆள், கருவி, உதிரிப்பாகம், மின்சாரம், தகவல் இணைப்பு இவற்றில் எது ஒன்று தவறினாலும் குறித்த மணிக்கு அளவும் அறிவிப்பும் நிற்காமல் நடத்தும் திறன், பிறரிடம் கைமாற்றாகப் பெறுவதும் அடங்கும்.

தூத்தூரிலிருந்து:

ஏற்றலாம் சார். ‘உதிரிப்பாகம்’ என்பதற்கு முன்னால் ‘கையிருப்பு’ என்று சேருங்கள். ஆர்டர் போட்டு வந்து சேராத பாகத்தையும் சிலர் கணக்கில் காட்டிவிடுகிறார்கள்.