கோடெக் = பொதிமுறை, கன்டெய்னர் = பேழை: ஒரு முன்மொழிவு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

திரைத்துறைச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சில், கேமரா படத்தை எந்த வடிவில் பதிகிறது என்பதைக் குறிக்கும் "ஷூட்டிங் ஃபார்மட்" என்பதற்கு இதுவரை "படப்பிடிப்பு வடிவம்", "ஒளிப்பதிவு வடிவூட்டம்", "பதிவு வடிவம்" ஆகிய மூன்றும் வந்திருக்கின்றன. "பதிவு வடிவம்" எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அதோடு பேச்சை முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல். ஃபார்மட் என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்தாறு தனித்தனி முடிவுகள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பேசச் சொல் இல்லாததால் சிறு முதலீட்டுப் படங்கள் அடிபடுவதைப் படத்தொகுப்பு மேசையில் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு படத்துக்கு இரண்டு கேமராக்கள். கேமரா அறிக்கையில் "ஃபார்மட்" என்ற கட்டத்தில் இரண்டுக்கும் "எம்ஓவி" என்று எழுதியிருந்தது. எழுதியது உண்மைதான். ஆனால் ஒன்றில் அந்த எம்ஓவிக்குள் இருந்தது, படத்தைச் சுருக்கி வைக்கும் முறைகளில் ஒன்றான புரோரெஸ், 10 பிட்டில். மற்றதில் இன்னொரு முறையான எச்.264, 8 பிட்டில். சூரியன் மறைந்த பிறகான வானம் வரும் காட்சி அது. நிறத்திருத்தத்தில் வானத்தைச் சற்றே இருட்டாக்கினோம். முதல் கேமராவின் நீலம் மேலிருந்து கீழே வழுவழுவென்று இறங்கியது. இரண்டாவதில் அதே நீலம் உடைந்து, நிலப்படத்தின் உயரக்கோடுகளைப் போலப் பட்டை பட்டையாக நின்றது. 8 பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 10 பிட்டில் 1024. மங்கிய வானம் அந்த 256-இலும் சிலவற்றை மட்டுமே பயன்படுத்தும். இருக்கும் கொஞ்சம் படிகளை இழுத்து விரித்தால் இடைவெளி கண்ணில் படத்தான் செய்யும். மறுபடி எடுக்கப் பணம் இல்லை. மெல்லிய துகள் இரைச்சலைச் சேர்த்துப் பட்டைகளை ஓரளவு மறைத்தோம். இன்றும் அந்தக் காட்சி வரும்போது என் கண் வானத்துக்குத்தான் போகிறது.

அந்த அறிக்கையில் கட்டங்கள் வேறு மாதிரி இருந்திருந்தால் முதல் நாளே பிடித்திருக்கலாம். எம்ஓவி, எம்பி4 ஆகியவை வெறும் பெட்டிகள். படம், ஒலி, நேரக்குறி எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துக்கொள்வது மட்டுமே அவற்றின் வேலை. உள்ளே இருப்பது எப்படிப்பட்டது என்பதைப் பெட்டி சொல்லாது. இத்தகைய பெட்டியைத்தான் கன்டெய்னர் என்கிறார்கள். இதற்கு ஒரு நண்பர் தந்த "கொள்கலம்" பிழையில்லை. ஆயினும் கப்பல் சரக்கு நினைவுக்கு வருகிறது. "பேழை" போதும் என்பது என் கருத்து. மூடியிருப்பது, திறந்து பார்க்க வேண்டியது என்ற இரண்டு குறிப்பும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன.

படத்தைச் சுருக்கி வைத்து, பார்க்கும்போது திரும்ப விரிக்கும் முறையான கோடெக்குக்கு வந்த "குறியாக்கி-குறிவிலக்கி" இலக்கணப்படி சரியானது. ஆனால் படப்பிடிப்புத் தளத்தில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லும் சொல்லாக அது நிலைக்காது. நான் முன்வைப்பது "பொதிமுறை". "கருத்துப் பொதிந்த பாடல்" என்கிறோம். சிறிய இடத்தில் பொருள் குறையாமல் அடங்கியிருக்கிறது என்று அதற்குப் பொருள். கோடெக்கிடம் நாம் எதிர்பார்ப்பதும் அதுவே. நொடிக்கு 24 சட்டகம் ஓடும் 4கே யூஎச்டி (3840×2160 புள்ளி) படத்தை 10 பிட், 4:2:2 (நிற விவரத்தைப் பாதியாக்கும்) கணக்கில், வேறு விதமாகச் சுருக்காமல் வைத்தால் மணிக்கு ஏறத்தாழ 1,800 ஜிபி பிடிக்கும். புரோரெஸின் உயர்தர வகைகளில் ஒன்றான புரோரெஸ் 422 எச்கியூ அதை 318 ஜிபிக்குள் பொதிகிறது. நொடிக்கு 100 மெகாபிட் எச்.264, நிற விவரத்தை இன்னும் குறைத்துக்கொண்டு, 45 ஜிபிக்குள் அடக்கிவிடுகிறது. பொதிந்ததைத் திரும்ப எடுக்க "அவிழ்த்தல்" ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. என்கோடிங் பொதிதல், டீகோடிங் அவிழ்த்தல். வினையும் பெயரும் ஒரே குடும்பத்தில் அமைந்துவிடுகின்றன.

மென்பொருள் தமிழாக்கத்தில் "பேக்கேஜ்" என்பதைப் "பொதி" என்று எழுதிப் பழகிவிட்டோமே என்ற தடை வரும் என்று தெரியும். நியாயமான தடை. ஆனால் அது பொருளின் பெயர். இங்கே "முறை" சேர்ந்து செயலின் பெயராகிறது. "பொதிமுறை என்ன?" என்று கேட்டால் "புரோரெஸ்" என்றோ "எச்.265" என்றோதான் விடை வரும். புரோரெஸ் போன்ற வணிகப் பெயர்களைத் தமிழாக்க வேண்டியதில்லை.

இந்தச் சொல் கிடைத்துவிட்டால், பலரும் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இன்னொரு வேறுபாட்டையும் எளிதாகச் சொல்லிவிடலாம். புரோரெஸ் ஒவ்வொரு சட்டகத்தையும் தனியாகப் பொதிகிறது. இது தனிச்சட்டகப் பொதிமுறை. கேமராக்களில் வழக்கமாக வரும் எச்.264 அப்படி இல்லை. ஒரு சட்டகத்தை முழுதாக வைத்துவிட்டு, அடுத்து வருபவற்றில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்கிறது. இது தொடர்ச்சட்டகப் பொதிமுறை. அசையாத நேர்காணலுக்கு இது சிக்கனம். இலைகள் படபடக்கும் மரத்தையோ மழையையோ எடுக்கும்போது எல்லாமே மாறிக்கொண்டிருப்பதால் ஒதுக்கிய பிட்டுகள் போதாமல் விவரம் கலங்குகிறது. தொகுக்கும்போதும் நடுவில் உள்ள ஒரு சட்டகத்தைக் காட்டக் கணினி மற்ற சட்டகங்களையும் அவிழ்த்தாக வேண்டும். பழைய கணினி திணறும். கோப்பு சிறியதென்று மகிழ்ந்தவர்கள் தொகுப்பில் நாட்களை இழப்பது இதனால்தான். எச்.264-இலேயே தனிச்சட்டக வகையும் உண்டு என்பதால் பொதிமுறையின் பெயர் மட்டும் போதாது. இந்த அடைமொழியும் அறிக்கையில் வேண்டும். திரையரங்குக்குப் போகும் இறுதிக் கோப்புத் தொகுப்பான டிசிபியில் படத்தைப் பொதியும் ஜேபெக் 2000-மும் தனிச்சட்டக இனம்தான்.

அடுத்து, கேமரா பதிவு வகைகளில் ஒன்றான "ரா" (raw) என்பதற்கு வந்த சொற்களில் எதுவும் எனக்கு ஒப்பவில்லை. "பச்சைப் பதிவு" நிறத்தைப் பற்றியே பேசும் துறையில் ஆபத்து. கேமராவிலிருந்து முதலில் வரும் எந்தக் கோப்பும் "மூலப்பதிவு"தான். "சுருக்காப் பதிவு" உண்மையே அல்ல. பல ரா வகைகள் சுருக்கப்பட்டவை. பெரும்பாலான கேமராக்களில் உணரியின் (சென்சாரின்) ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கிறது. அந்த அளவுகளை முழு நிறமாக மாற்றாமல் வைத்துக்கொள்வதே ரா. ஆகவே "உணரிப்பதிவு" என்று சொல்லலாம்.

எந்தப் பதிவு வடிவில் படம் எடுப்பது என்று கேட்டிருந்த நண்பருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 90 நிமிடப் படத்துக்குப் பத்து மடங்கு எடுத்தால் 15 மணி நேரம். புரோரெஸ் 422 எச்கியூ, 4கே யூஎச்டி என்றால் ஏறத்தாழ 4.8 டிபி. இரண்டு பிரதி கட்டாயம் வேண்டும், ஆக 9.5 டிபி. அதே படம் 1920×1080 அளவில் புரோரெஸ் 422 என்றால் மணிக்கு 53 ஜிபி; இரண்டு பிரதியும் சேர்த்து 1.6 டிபியில் முடிந்துவிடும். 2கே டிசிபியின் சட்டகம் 2048×1080; அதற்கு இது மிக அருகில்தான் இருக்கிறது. கையில் பணம் குறைவென்றால் 8 பிட் தொடர்ச்சட்டக 4கே-யைவிட 10 பிட் தனிச்சட்டக 1080-ஐயே நான் தேர்வேன். 8 பிட் மட்டுமே தரும் கேமரா என்றால் வெளிச்ச வேறுபாட்டைத் தட்டையாக்கிப் பதியும் லாக் வளைவைத் தொடாமல், காட்சியை எப்படித் தெரிய வேண்டுமோ அப்படியே ஒளியமைத்து எடுப்பது நல்லது. தட்டையாகப் பதிந்து பின்னால் விரித்தால் நான் சொன்ன அந்த வானம்தான் கிடைக்கும்.

இப்போது நான் வேலை செய்யும் குழுவின் கேமரா அறிக்கையில் "ஃபார்மட்" கட்டத்தை எடுத்துவிட்டு, பேழை, பொதிமுறை, தனி/தொடர், பிட் ஆழம், சட்டக அளவு, சட்டக வீதம் என்று ஆறு கட்டங்கள் போட்டிருக்கிறேன். ஆறும் சேர்ந்ததே பதிவு வடிவம். லாக் வளைவுக்கு ஏழாவது கட்டம் ஒன்றும் வேண்டும். கணிதத்தில் லாகரிதத்துக்கு "மடக்கை" இருப்பதால் "மடக்கை வளைவு" என்று எழுதிப் பார்த்தேன். உதவி ஒளிப்பதிவாளர்கள் அதை மடக்கும் கருவி என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு நல்ல சொல் வைத்திருப்பவர்கள் தாருங்கள்.

அன்புடன்.