கடை டியூப்பில் ஒட்டுது, வாசலில் பிரியுது: வாடாமல்லி பட்டுக்கு மேட்சிங் பிட் பார்ப்பது எப்படி?

தையல்மேசை (கேள்வி)

வாடாமல்லி கலர் பட்டுப் புடவை, அதுக்கு டூ பை டூ (பருத்தி) பிளவுஸ் பிட். மேட்சிங் கடை எல்இடி டியூப் கீழே ரெண்டையும் ஒட்டி வெச்சா இம்மி வித்தியாசம் இல்லை. வாசலுக்கு வந்தா பிட் மட்டும் நீலம் ஏறி கத்திரிப்பூ பக்கம் போகுது, புடவை சிவப்பாவே நிக்குது. வீட்டுக் குண்டு பல்பு (இழை எரியற பழைய வகை) கீழே இன்னும் மோசம். திரும்ப எல்இடி கீழே கொண்டுபோனா மறுபடி ஒட்டிக்குது. அதனால சாயம் போன கதை இல்லை.

கோளாறு துணியிலா, லைட்டிலா, கண்ணிலா? டியூப் அட்டையில் 6500 கெல்வின், கூல் டேலைட், சிஆர்ஐ (விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாக் காட்டும்ங்கிற எண்) 80க்கு மேல்னு போட்டிருக்கு. டேலைட்னு போட்டும் ஏன் பகல் வெளிச்சத்தோட ஒத்துப்போகலை? சிஆர்ஐ 90 மாட்டினா தீருமா? தையல் கடையில் துணி மேட்ச் பார்க்க ஒரு மூலை ஒதுக்கணும், பெரிய செலவில்லாத வழி இருந்தா சொல்லுங்க.

முப்பட்டகம்

துணி, விளக்கு, கண் மூன்றுமே அதது வேலையை ஒழுங்காகத்தான் செய்கின்றன. சாயத் தொழிலில் இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர்.

கண்ணுக்குத் தெரியும் ஒளி சுமார் 380 முதல் 750 நானோமீட்டர் வரை. ஒரு துணியின் நிறத்தை முழுசாகச் சொல்ல வேண்டுமானால், ஒவ்வொரு அலைநீளத்திலும் அது எத்தனை சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்ற வளைகோடு வேண்டும். பத்து நானோமீட்டருக்கு ஒன்றாக அளந்தாலும் முப்பதுக்கு மேல் எண்கள் வரும். கண் அத்தனையையும் மூன்றே எண்களாகச் சுருக்கிவிடுகிறது. விழித்திரையில் கூம்பு செல்கள் மூன்று வகை. அவற்றின் உச்சம் ஏறத்தாழ 440, 540, 565 நானோமீட்டரில். (மூன்றாவதைச் 'சிவப்புக் கூம்பு' என்று எழுதுவது வழக்கம். உண்மையில் 565 மஞ்சள்பச்சை.) ஒவ்வொரு கூம்பும் தனக்கு வந்து சேர்ந்ததை மொத்தமாகக் கூட்டிச் சொல்லும். எந்த அலைநீளத்தில் எவ்வளவு வந்தது என்ற விவரம் அங்கேயே தொலைந்துவிடும். ஆகவே வளைகோடு வேறாக இருக்கும் இரண்டு துணிகள் ஒரே மூன்று எண்களைத் தரலாம். அந்தக் கூட்டுத்தொகை விளக்கையும் பொறுத்தது என்பதால், விளக்கு மாறினால் சமன் குலையும்.

சிவப்புப் பக்கத்தை மட்டும் எடுத்து ஒரு கணக்கு போடுவோம். 600-630 ஒரு பட்டை, 630-680 இன்னொரு பட்டை. புடவை முதல் பட்டையில் 20 சதவீதம், இரண்டாவதில் 80 சதவீதம் திருப்பி அனுப்புகிறது. பிட் இரண்டிலும் 32 சதவீதம். விளக்கின் அளவையும் கண்ணின் உணர்திறனையும் பெருக்கி வரும் மதிப்பு கடை எல்இடிக்கு 4, 1 என்று வையுங்கள்.

புடவை: 4×20 + 1×80 = 160
பிட்: 4×32 + 1×32 = 160

அச்சு அசல் மேட்ச். பகல் வெளிச்சத்தில் ஆழ்சிவப்பு கூடுதல்; மதிப்பு 4, 1.5.

புடவை: 80 + 120 = 200
பிட்: 128 + 48 = 176

பிட்டுக்குச் சிவப்பு குறைந்துவிட்டது. நீலப் பங்கு அப்படியே இருப்பதால் அது கத்திரிப்பூவாகத் தெரிகிறது. குண்டு பல்பில் ஆழ்சிவப்பு இன்னும் அதிகம். 4, 2 என்று போட்டால் 240க்கு 192. நீங்கள் வீட்டில் பார்த்த 'இன்னும் மோசம்' இதுதான். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை, நடக்கும் விதம் இதேதான்.

இனி டேலைட் விவகாரம். கெல்வின் எண் வெள்ளையின் சாயலை மட்டும் சொல்லும்: மஞ்சளடித்த வெள்ளையா, நீலமடித்த வெள்ளையா என்று. உள்ளே எந்த அலைநீளம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. வெள்ளை எல்இடி என்பது 450 நானோமீட்டர் அருகே ஒளிரும் நீலச் சில்லு, அதன் மேல் அந்த நீலத்தில் ஒரு பகுதியை விழுங்கி மஞ்சளாக உமிழும் பாஸ்பர் பூச்சு. நீலமும் மஞ்சளும் கலந்து வெள்ளை. நடுவே 480 அருகே ஒரு பள்ளம் விழும், 630க்கு மேல் ஒளி வேகமாகச் சரியும். வெள்ளைச் சுவரைப் பார்க்கும்போது எந்தக் குறையும் தெரியாது. வாடாமல்லி மாதிரி நிறத்தில் வண்டவாளம் வெளிப்படும். காரணம், வானவில்லில் வாடாமல்லிக்கு இடமே கிடையாது. நீல முனையும் சிவப்பு முனையும் சேர்ந்து வந்து, நடுப் பச்சை இல்லாவிட்டால்தான் அந்த நிறம் தோன்றும். விளக்கின் இரண்டு ஓரங்களையும் நம்பி நிற்கும் நிறம் அது.

சிஆர்ஐ: அட்டையில் போடும் எண் எட்டு மாதிரி நிறங்களின் சராசரி, எட்டுமே அடர்த்தி குறைந்த நிறங்கள். அடர்சிவப்பு ஒன்பதாவது மாதிரி, ஆர்9; அது சராசரியில் சேராது. 80 போட்ட விளக்கில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டி இருப்பது சகஜம், அதற்குக் கீழேயும் போகும். வாங்கும்போது சிஆர்ஐ 90க்கு மேல், ஆர்9 50க்கு மேல் என்று இரண்டையும் கேளுங்கள். ஆனால் நல்ல விளக்கு மாட்டினால் அந்தப் பிட் புடவையோடு சேர்ந்துவிடாது. சேராது என்பது கடைக்குள்ளேயே தெரிந்துவிடும், அவ்வளவுதான் லாபம்.

பிக்சல்பாண்டி

இவ்வளவு எதுக்கு? வெளியில ரெண்டையும் ஒரு போட்டோ எடுத்து ஸ்கிரீன்ல ஒப்பிட்டா போதாதா? அதோட, கண்ணுதான் வெளிச்சத்துக்குப் பழகிக்குமே, அது ஏன் இங்க கைகொடுக்கலை?

முப்பட்டகம்

@பிக்சல்பாண்டி, இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. வெளிச்சத்துக்குப் பழகும்போது மூளை மூன்று கூம்பு வரிசைகளின் அளவையும் ஏற்றி இறக்கி, வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி சரிசெய்கிறது. அந்த ஏற்ற இறக்கம் புடவைக்கும் பிட்டுக்கும் ஒரே மாதிரிதான் விழும். 200ஐயும் 176ஐயும் ஒரே எண்ணால் வகுத்தால் இரண்டும் சமமாகுமா? ஆகாது. புடவையைத் தனியாகப் பார்த்தால் எந்த விளக்கிலும் 'வாடாமல்லி' என்றே சொல்வோம், அது பழக்கத்தின் வேலை. பக்கத்தில் பிட்டை வைத்தால் மாட்டிக்கொள்ளும்.

போட்டோ வேண்டாம். கேமரா சென்சாருக்கும் மூன்று வடிகட்டிதான், ஆனால் அவற்றின் வளைகோடு கண்ணின் கூம்புகளோடு ஒத்துப்போகாது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கேமராவில் பிரியும், பிரிந்தது ஒட்டும். போதாததற்கு ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் ஒவ்வொரு படத்துக்கும் கணக்கை மாற்றும்.

லேப்டிப்

திருப்பூர் பக்கம் சாயப்பட்டறை லேப்ல இது தினசரி விவகாரமுங்க. பட்டுக்குப் பெரும்பாலும் ஆசிட் சாயம், பருத்திக்கு ரியாக்டிவ், பாலியஸ்டருக்கு டிஸ்பெர்ஸ். சாய வகை மாறினா வளைகோடு மாறும். அதனால பட்டுக்குப் பருத்தி பிட்ல எல்லா லைட்லயும் மேட்ச் கேக்கறது கொஞ்சம் பேராசைதான். புடவையோடவே வர்ற பிளவுஸ் துணி ஒரே சாயத்தொட்டி, அதுல இந்தத் தொல்லையே வராது. வாடாமல்லி, கத்திரிப்பூ, நேவி ப்ளூ, சாம்பல், ஆலிவ் இதெல்லாம் ரொம்பப் படுத்தும். பளிச் மஞ்சள் அவ்வளவா படுத்தாது.

லேப்ல லைட் பாக்ஸ் வெச்சிருப்போம். டி65 பகல் வெளிச்சத்துக்கு, டிஎல்84 கடை ஃப்ளோரசன்ட் டியூபுக்கு, 'ஏ' குண்டு பல்புக்கு, தனியா ஒரு யூவி. மூணுலயும் ஒட்டினாத்தான் ஷேடு ஓகே. உங்களுக்கு அந்தப் பெட்டி தேவையில்லை. ரெண்டு வெளிச்சம் போதும்: வடக்குப் பார்த்த ஜன்னல், ஒரு 60 வாட் குண்டு பல்பு. குண்டு பல்பு சிவப்பை ஊதிக் காட்டுறதால அது ஒரு மலிவான திருடன் பிடிக்கிற கருவி.

மூலை அமைக்கறப்போ:

ஜன்னல்ல காலை பத்துல இருந்து மதியம் மூணு வரைக்கும் பாருங்க. நேர் வெயில் துணி மேல விழக்கூடாது. எதிரே பச்சை மரமோ கலர் சுவரோ இருந்தா அந்தச் சாயல் துணியில ஏறும்.

மேசைக்கு மேல சாம்பல் சார்ட் பேப்பர் ஒட்டுங்க. வெள்ளை வேண்டாம், கலர் விரிப்பு வேண்டவே வேண்டாம். பச்சை மேட் மேல வெச்சா எந்தத் துணியும் கொஞ்சம் சிவப்பாத் தெரியும்.

துணியை நாலு மடிப்பா மடிங்க, இல்லைன்னா அடியில இருக்கறது தெரியும். ரெண்டும் குறைஞ்சது நாலு அங்குல அகலம், விளிம்போட விளிம்பு இடைவெளி இல்லாம ஒட்டணும். நடுவுல நிழல் கோடு விழுந்தாலே கண்ணு ஏமாறும். வெளிச்சம் மேல இருந்து வந்தா 45 டிகிரி சாய்வுல பாருங்க. இடம் வலம் மாத்தி மறுபடி பாருங்க.

ஒரு லைட்ல இருந்து இன்னொண்ணுக்குப் போனா ஒரு ரெண்டு நிமிஷம் பொறுங்க. பளிச் சிவப்பை உத்துப் பார்த்துட்டு உடனே அடுத்த ஜோடிக்குப் போகாதீங்க, முன்னால பார்த்ததோட நிழல் நிறம் கண்ணுல ஒட்டியிருக்கும்.

ஜன்னல்லயும் குண்டு பல்புலயும் ஒட்டினா எடுத்துக்கலாம். ஜன்னல்ல ஒட்டி, பல்புல லேசாப் பிரிஞ்சா, பகல் முகூர்த்தம்னா விட்டுடலாம். ராத்திரி ரிசப்ஷன்னா மண்டபத்து லைட் என்னன்னு கேளுங்க. பேசாம கான்ட்ராஸ்ட் பிளவுஸ் போடச் சொல்றதும் ஒரு வழிதான், ஹிஹி.

இன்னொண்ணு: மேட்ச் பாக்கற ஆளோட கண்ணு. ஆண்கள்ல நூத்துக்குச் சில பேருக்குச் சிவப்பு-பச்சை பிரிச்சுப் பாக்கறதுல குறை இருக்கும், பெண்கள்ல அபூர்வம். பல பேருக்கு அது தெரியவும் தெரியாது. கண் மருத்துவமனையில இஷிஹாரா தட்டுச் சோதனை அஞ்சு நிமிஷ வேலை. லேப்ல 'நூறு ஹியூ டெஸ்ட்'னு நிற வில்லைகளை வரிசையா அடுக்கற சோதனை வெப்பாங்க, பேருதான் நூறு, அடுக்க வேண்டிய வில்லை 85தான். வயசானா கண் லென்ஸ் மஞ்சளாகி நீலத்தை விழுங்கும். அதனால அம்மாவும் பொண்ணும் 'ஒட்டுது', 'ஒட்டலை'ன்னு சண்டை போட்டா ரெண்டு பேரும் நிஜத்தைத்தான் சொல்றாங்க.

தையல்மேசை

லேப்டிப் அண்ணா, முப்பட்டகம் சார், ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். மயில்கழுத்து பட்டு ஒரே லைட் கீழே, துணியைத் திருப்பினாலே நீலம் பச்சையாகுதே, அதுவும் மெட்டாமெரிசமா? அப்புறம், மாட்டியிருக்கற எல்இடி நல்லதா மட்டமானு கடைக்காரர் சொல்லை நம்பாம நாமே பார்க்க முடியுமா?

லேப்டிப்

மயில்கழுத்து வேற கதைங்க. பாவு (நீளவாட்டு நூல்) ஒரு கலர், ஊடை (குறுக்கு நூல்) ஒரு கலர். பட்டு இழை வழவழன்னு இருக்கறதால ஒரு கோணத்துல பாவு மின்னும், இன்னொரு கோணத்துல ஊடை. அதுக்கு மேட்ச் பாக்கறப்போ பாவு நேரா ஒரு தடவை, 90 டிகிரி திருப்பி ஒரு தடவை பாருங்க. ரெண்டு கலர்ல எது உடுத்தும்போது மேலோங்கித் தெரியுதோ அதுக்கு பிட் எடுங்க. நடுவால ஒரு கலர் எடுத்தா எதோடயும் சேராது.

முப்பட்டகம்

நிஜ மயிலின் கழுத்தில் நீலச் சாயமே கிடையாது. இறகிழைக்குள் மெலனின் குச்சிகள் ஒழுங்காக அடுக்கியிருக்கும் இடைவெளிதான் நீலத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் கோணம் மாறினால் நிறம் மாறுகிறது.

விளக்கின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துச் சோதிக்க ஒரு பழைய சிடி போதும். அச்சடித்த பக்கத்தில் பிளேடால் ஒரு கீறல் போட்டு, பேக்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி இழுங்கள். வெள்ளிப் படலம் உரிந்து தகடு ஒளி ஊடுருவும் கண்ணாடிபோல் ஆகிவிடும். வெளி ஓரத்திலிருந்து 2 சென்டிமீட்டர் துண்டு வெட்டுங்கள், அங்கேதான் வரிகள் (சிடியில் பதிந்த நுண்கோடுகள்) ஏறக்குறைய நேராக இருக்கும். 25 சென்டிமீட்டர் நீள அட்டைப்பெட்டி, உள்ளே கருப்புக் காகிதம். ஒரு முனையில் இரண்டு சவர பிளேடுகளை ஒட்டி, நடுவே அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடுக்கு. மறு முனையில் துளை, அதன் மேல் சிடித் துண்டு. சிடியின் வரியும் இடுக்கும் ஒரே திசையில் இருக்க வேண்டும். குறுக்காகிவிட்டால் நிறம் பிரியாது.

சிடியின் வரி இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். அந்தக் கணக்குக்கு நீலம் 16 டிகிரியிலும் சிவப்பு 24 டிகிரியிலும் விழும். ஆகவே இடுக்கை விளக்கை நோக்கிப் பிடித்து, சிடித் துண்டு வழியே நேராகப் பார்த்தால் வெறும் வெள்ளைக் கோடுதான், கண்ணைப் பக்கவாட்டில் திருப்புங்கள். எல்இடி என்றால் பளீர் நீலம், அதை ஒட்டி ஒரு இருண்ட இடைவெளி, பிறகு அகலமான பச்சை-மஞ்சள்-ஆரஞ்சு, கடைசியில் மங்கும் சிவப்பு. அதே பெட்டியில் குண்டு பல்பைப் பாருங்கள்: பள்ளமே இல்லாமல் போய் சிவப்பில் கனத்து நிற்கும். பழைய சிஎஃப்எல் கிடைத்தால் 436, 545, 611 அருகே தனித்தனிக் கோடுகளாகத் தெரியும். எந்த எல்இடியின் சிவப்பு முனை குண்டு பல்பின் சிவப்புக்குக் கிட்டத்தில் வருகிறதோ அதை எடுங்கள். பள்ளமே தெரியவில்லை என்றால் விளக்கு உயர்ந்தது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், முதலில் இடுக்கு அகலமாகிவிட்டதா என்று பாருங்கள். பகல் வெளிச்சத்துக்கு வானத்தையோ வெள்ளைத் தாளையோ பாருங்கள். சூரியனை நோக்கி ஒருபோதும் திருப்பாதீர்கள்.

தையல்மேசை

கடைசியா ஒண்ணு. தையல் நூலுக்கும் இதே முறையா?

லேப்டிப்

அதேதான், ஆனா நூல்கண்டை அப்படியே துணி மேல வெச்சுப் பாக்காதீங்க. சுத்தின நூல்ல இழைக்கு நடுவுல வெளிச்சம் மாட்டிக்கிட்டு கலர் அடர்த்தியாத் தெரியும். ஒரு முழம் உருவி, ஒத்தை இழையாத் துணி மேல போட்டு ஜன்னல்ல பாருங்க. பாலியஸ்டர் நூல்னா பல்புலயும் ஒரு தடவை. சரியான ஷேடு கிடைக்கலைன்னா ஒரு பொட்டு அடர்த்தியான பக்கம் போங்க, வெளிறின நூல்தான் தையல்ல பளிச்சுனு காட்டிக்கொடுக்கும்.