தொட்டியில் வளர்த்த மீனை ஏரியில் விட்டவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொளத்தூர்வாசி:

வண்ணமீன் வளர்ப்பவர்களும் வலை போடுபவர்களும் இங்கே சேர்ந்தே இருப்பதால் இதை எழுதுகிறேன். பதினைந்து வருடத்துக்கு முன்னால் ரெட்டேரியில் நான் ஒரு மீனை விட்டேன். டேங்க் கிளீனர். விரல் நீளக் குஞ்சாக வாங்கி, கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னட்டும் என்று தொட்டியில் போடுவோமே, அதுதான். மூன்று வருடத்தில் ஓரடியைத் தாண்டிவிட்டது. தொட்டிக்குள் திரும்பவே திணறியது. கொல்ல மனம் வரவில்லை. ஒரு கடையில் கேட்டேன். "ஏரியில விட்ருங்க சார், பொழைச்சுக்கும்" என்றார்கள். ஒரு வாளியில் எடுத்துப்போய், நல்ல காரியம் செய்கிற நினைப்போடு விட்டுவிட்டு வந்தேன்.

போன மாதம் காலை நடைக்குப் போனபோது கரையில் ஒரு பெரியவர் வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் டேங்க் கிளீனர். அதன் உடம்பு முழுக்கக் கவசம் மாதிரி தகடு, பக்கத் துடுப்பில் கெட்டியான முள். வலைக்கண்ணில் அந்த முள் மாட்டினால் மீனை உருவ முடியாது, வலையைத்தான் அறுக்க வேண்டும். அவர் அறுத்து அறுத்துக் கரையில் எறிந்துகொண்டிருந்தார். வாங்க ஆள் கிடையாது, வீட்டிலும் சமைக்க மாட்டார்களாம். நான் அரை மணி நேரம் நின்றேன். முதலில் எறிந்தது அப்போதும் வாயை அசைத்துக்கொண்டிருந்தது. அதற்குக் காற்றை விழுங்கி வயிற்றின் வழியாகவே சுவாசிக்கத் தெரியும். சாக்கடை கலந்து ஆக்சிஜன் குறைந்துபோன நம் ஏரிகளில் மற்ற மீன்கள் செத்து மிதக்கும்போதும் இது தாக்குப்பிடிப்பதற்கு அதுதான் காரணம்.

"முன்னாடி என்னய்யா கிடைக்கும்?" என்று கேட்டேன். குறவை, ஆரால், உளுவை, பனையேறி, கெளுத்தி என்று வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். அதில் உளுவையை நான் சின்ன வயசில் பார்த்தது. என் மகன் பார்த்ததே இல்லை.

டேங்க் கிளீனர் தென் அமெரிக்க ஆறுகளின் மீன். அங்கே அதைத் தின்னும் பெரிய மீன்கள் உண்டு. இங்கே அந்தத் தகட்டைக் கடிக்க ஆள் இல்லை. பாசியையும் அடிமண் கசடையும் மேய்கிற போக்கில் மற்ற மீன்களின் முட்டையும் உள்ளே போய்விடும். தன் முட்டைக்கு மட்டும் நல்ல பாதுகாப்பு: கரை மண்ணில் வளை தோண்டி, ஆண் மீன் காவல் இருக்கும். கோடையில் தண்ணீர் இறங்கினால் கரையில் ஓட்டை ஓட்டையாகத் தெரிவது இந்த வளைகள்தான். கரையும் அதனால் சரியும்.

நான் விட்டது ஒன்றுதான். ஆனால் என்னை மாதிரி எத்தனை பேர் வாளியோடு போயிருப்பார்கள்! அப்புறம் 2015 டிசம்பர் வெள்ளம். எங்கள் தெருவில் தரையோடு சிமென்ட் தொட்டி கட்டி வளர்த்தவர்களிடம் மறுநாள் ஒரு மீன்கூட மிஞ்சவில்லை. அவ்வளவும் எங்கே போயிருக்கும் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை, நஷ்டத்தை மட்டும்தான் பேசினோம்.

எண்ணூர்ப்பெண்:

அண்ணா, நீங்கள் ஒரு மீனை விட்டதற்கு இவ்வளவு வருத்தப்படுகிறீர்கள். எங்கள் கொசஸ்தலை ஆற்றில் காக்கா ஆழியை யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளே இல்லை. அதுவும் அமெரிக்கப் பக்கத்துச் சிப்பிதான். கப்பல்கள் எடைக்காக அடியில் நிரப்பிக்கொண்டு வரும் தண்ணீரோடு வந்திருக்கும் என்கிறார்கள்.

என் மாமியார் கையால் இறால் பிடிப்பவர். பறி என்கிற ஓலைக்கூடையை வாயில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைத் தடவித் தடவிப் பிடிப்பார். இறால் சேற்றுக்குள் புதையும், கைக்கு மெத்தென்று தட்டுப்படும். இப்போது தடவினால் சேறே தட்டுப்படவில்லை. காக்கா ஆழி ஒன்றோடொன்று நாரால் ஒட்டிக்கொண்டு பாய் விரித்த மாதிரி அடியை மூடிவிட்டது. இறால் எங்கே போய்ப் புதையும்? மஞ்சள் மட்டி என்கிற எங்கள் ஊர்ச் சிப்பியும் அதற்கு அடியில் மூச்சு முட்டிப் போய்விட்டது. ஓட்டின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். போன வாரம் மாமியாரின் இரண்டு உள்ளங்கையிலும் கீறல், சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டார். ஆண்கள் வாரி எடுத்துக் கரையில் கொட்டிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் எடுத்தால் இன்னொரு பக்கம் படர்கிறது.

திருவள்ளூர் குட்டை:

என் பண்ணைக்குட்டைக்கு ஒருவர் ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு கொண்டுவந்தார். "ஆறு மாசத்துல கிலோ கணக்குல நிக்கும், கோழிக்கழிவு போட்டாலே போதும்" என்றார். 2000-லேயே மத்திய அரசு தடை செய்த மீன் என்று தெரிந்ததால் திருப்பி அனுப்பினேன். மழையில் குட்டை வழிந்தால் அது பக்கத்து ஏரிக்குப் போகும், போனால் கண்ணில் பட்ட மீனையெல்லாம் தின்னும். நான் நம் நாட்டுக் கெண்டை வகைகளான கட்லா, ரோகு, மிர்கால்தான் விடுகிறேன். வடிகால் குழாயில் வலையும் கட்டியிருக்கிறேன்.

கோவளத்தான்:

மீன் வளர்ப்பு என்றாலே கெடுதல் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காக இது. நான் உவர்நீர்க் குளத்தில் கொடுவா வளர்க்கிறேன். கொடுவா நம் கழிமுகத்து மீனே. முட்டுக்காட்டில் சிபா என்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. அங்கே 1997-இல் கொடுவாவைப் பண்ணையிலேயே முட்டையிட வைத்தார்கள், இந்தியாவில் அதுதான் முதல் தடவை. அதனால் குஞ்சுக்காகக் கழிமுகத்தில் வலை போட்டு அரித்துப் பிடிக்க வேண்டியதில்லை. வேலை அதிகம், அதை மறைக்க மாட்டேன். பெரிய குஞ்சு சின்னக் குஞ்சை விழுங்கிவிடும் என்பதால் சில நாளுக்கு ஒருமுறை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். தப்பிப் போனாலும் அது தன் ஊர்த் தண்ணீருக்குத்தான் போகும் என்பதில் எனக்கு நிம்மதி.

இன்னொன்று. வனாமி இறாலும் வெளிநாட்டதுதான், 2009-இல் அனுமதித்தார்கள். ஆனால் தாய் இறால் விமானத்தில் வந்து இறங்கியதும் நேராகக் குஞ்சுப் பொரிப்பகத்துக்குப் போக முடியாது. நீலாங்கரையில் தனிமைப்படுத்தி, நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் விடுவார்கள். பண்ணையைச் சுற்றி நண்டு வேலி, மேலே பறவை வலை, கழிவுநீரைச் சுத்தம் செய்ய ஏற்பாடு என்று நிபந்தனை வேறு. வியாபாரத்துக்கு வளர்ப்பவர்களுக்கு இத்தனை கட்டுப்பாடு சரிதான். அதே சென்னையில் டேங்க் கிளீனரைப் பாலித்தீன் பையில் போட்டுச் சின்னப் பிள்ளை கையில் கொடுக்கும்போது "இது எவ்வளவு பெரிதாகும், பிறகு என்ன செய்வது" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

கொளத்தூர்வாசி:

எண்ணூர்த் தங்கச்சி, அம்மாவின் கையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். கையுறை போட்டுப் பார்த்தார்களா, போட்டால் இறால் தட்டுப்படுமா என்று எழுதுங்கள்.

கோவளத்து அண்ணன் கேட்டதை எங்கள் தெருவில் நான்கு கடைகளில் போய்ச் சொன்னேன். இரண்டு கடைக்காரர்கள், வளர்ந்த டேங்க் கிளீனரைக் கொண்டுவந்தால் பணம் தராவிட்டாலும் வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்று ஒத்துக்கொண்டார்கள். அங்கேயும் இடம் இல்லையென்றால் என் மொட்டைமாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது, மேலே கம்பிவலை போட்டாயிற்று. வளர்ந்த மீனை என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள் வாளியோடு ஏரிக்குப் போகாதீர்கள், எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.