கேஸ் மேனேஜர் வீட்டுக்கு வர்றாங்கன்னா யார் வர்றாங்க?

தம்பி மனநல வார்டிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகியிருக்கான், கேஸ் மேனேஜர்னு யாரோ வரப்போறாங்க, விசாவுக்குச் சிக்கல் வருமான்னு மேலே ஒரு அக்கா கேட்டிருந்தீங்க. பல வருஷமா நான் பார்க்கிற வேலை இதுதான், அதனால எழுதறேன்.

வர்றவங்க போலீஸும் இல்லை, குடிவரவு அதிகாரியும் இல்லை. டிஸ்சார்ஜ் ஆனவருக்கு வெளியே துணையா இருந்து கவனிச்சுக்கிறவங்கதான் கேஸ் மேனேஜர். பெரும்பாலும் நர்ஸ், சோஷியல் வொர்க்கர், இல்லேன்னா ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குறவர்). சில இடங்கள்ல சைக்காலஜி படிச்சவங்களும் இருப்பாங்க. நீங்க சொல்றதை ரகசியமா வைக்கணும். யாரோட உயிருக்காவது ஆபத்து, குழந்தைக்கு ஆபத்து மாதிரி நேரங்கள்ல அது மாறும். விசா சந்தேகத்தை அந்தத் துறை வக்கீல்கிட்ட கேளுங்க, எங்களுக்கு அது தெரியாது.

இந்த வேலை ஏன் வந்துச்சு? 1950கள்ல குளோர்புரோமசின்ங்கற மனநோய் மருந்து வந்த பிறகு பெரிய மனநல மருத்துவமனைகள் மெல்லக் காலியாச்சு. அமெரிக்காவில் 1963இல் ஜனாதிபதி கென்னடி ஊருக்குள்ளேயே மனநல மையங்கள் அமைக்கன்னு ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட்டார். ஆனா ஆஸ்பத்திரிக்குள்ளே படுக்கை, சாப்பாடு, மருந்து எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கிடைச்சுது. வெளியே வந்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு கவுன்டர். உடம்பும் மனசும் தளர்ந்து கிடக்கிறவரால அத்தனை வரிசையில நிற்க முடியுமா? கூடவே போக ஓர் ஆள் வேணும், அவ்வளவுதான். 1970களில் விஸ்கான்சின் மாநிலம் மேடிசன்ல ஆஸ்பத்திரி ஊழியர்களே வெளியே வந்த நோயாளிகளைக் கவனிக்க ஊருக்குள்ள இறங்கினாங்க. தீவிரமா கவனிக்கிற அந்த மாதிரிக் குழுவுல ஓர் ஊழியருக்குப் பத்துப் பேர் வாக்கில்தான். சாதாரணக் குழுக்கள்ல அதைவிட நிறையப் பேர். போன் பண்ணினா உடனே எடுக்கலைன்னா கோபப்படாதீங்க, டூட்டியில் இருக்கிறவரைக் கேளுங்க.

ஒருத்தர் வீட்ல மாத்திரை அட்டையைப் பார்த்தேன். காலைக் கட்டம் எல்லாம் அப்படியே இருந்துச்சு. திட்டலை, "மறந்துடுதா, பிடிக்கலையா?"ன்னு மட்டும் கேட்டேன். போட்டா வேலையில தூங்கி விழறாராம். டாக்டர்கிட்ட பேசி இரவுக்கு மாத்தினோம். பாதி வேலை இப்படித்தான் போகும். மீதி, வாடகை ஃபார்ம், பேருந்துல கூடப் போறது, அடுத்த தடவை சரியில்லாம போகும்போது முதல்ல என்ன தெரியும்னு (தூக்கம் கெடுறதா, போனை அணைச்சு வைக்கிறதா) உட்கார்ந்து எழுதி வைக்கிறது.

இன்னொண்ணு, மொழிபெயர்ப்பாளர் கேளுங்க. நீங்களே மொழிபெயர்க்காதீங்க, பிள்ளைங்களை நிச்சயமா விடாதீங்க. "காதுல குரல் கேட்குது"ன்னு மகன் சொன்னதை, "கொஞ்சம் களைப்பா இருக்கான்"னு ஒரு அம்மா மாத்திச் சொன்னதை நான் பார்த்திருக்கேன். தப்பு சொல்ல முடியாது, பெத்த வாய்க்கு அது வராது. ஆனா மருந்து அந்த வார்த்தையை வச்சுத்தான் முடிவாகும்.

முதல் சந்திப்பிலேயே ராத்திரியும் சனி ஞாயிறும் கூப்பிட எந்த நம்பர்னு வாங்கி, தம்பி போன்லயும் உங்க போன்லயும் சேமிச்சுடுங்க.